சங்கத்தாரின் தேசாபிமானமும் சிங்காரத்தின் இரு நாவல்களும்

நான் அங்கத்தினனாயிருக்கும் நகரத்துச் சங்கத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் 21-ஆம் தேதியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு கூட்டம் நடைபெறுவது வழக்கம். 1943-ஆம் ஆண்டில் அந்தத் தேதியில்தான் சிங்கப்பூர் கேத்தே மண்டபத்தில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். குத்துவிளக்கு ஏற்றுவார்கள், படத்துக்கு மாலை சூட்டுவார்கள், பிரமுகர் ஒருவர் முக்கால் மணி நேரம் முழங்குவார், பின்னர் எல்லோரும் எழுந்து நின்று மும்முறை 'ஜெய் ஹிந்த்' சொல்லிவிட்டு, வடையும் தேநீரும் உட்கொண்டு வீடு திரும்புவார்கள். சென்ற கூட்டத்தில் 'நாவல்களில் நேதாஜியின் சேனை' என்னும் பொருள்பற்றிப் பேசும்படி எனக்கு அழைப்பு வந்தது. ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு, ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவனுக்குத் தமிழில் பேச ஒரு மேடை கிடைப்பது பெரிய காரியம். ப. சிங்காரத்தின் இரண்டு நாவல்களையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். பேசி முடித்ததும் கைதட்டல் வந்தது. மழை விட்ட பிறகு கூரை சொட்டுவதைப்போல் வந்தது. நன்றி கூற எழுந்த காரியதரிசி, "கிராணியார் நன்றாகப் படித்திருக்கிறார். என்றாலும் இந்த நாளில் நம்மவர்களைக் குறைத்துப் பேசும் புத்தகங்களைக் கொண்டு வந்திருக்க வேண்டியதில்லை" என்று சொல்லி என்னை உட்கார வைத்தார்.

அவை குறைத்துப் பேசும் புத்தகங்கள்தாமா? அவரோடு வாதாட அன்று நேரமில்லை, வடை ஆறிக்கொண்டிருந்தது. அங்கே சொல்ல முடியாது போனதை இங்கே எழுதுகிறேன்.

சிங்காரத்தைப்பற்றி இரண்டொரு வார்த்தை. சிங்கம்புணரியிற் பிறந்தவர். 1938-இல் கப்பலேறிச் சுமாத்திராவிலுள்ள மேடான் நகரத்தில் வட்டிக்கடை வேலைக்குச் சேர்ந்தவர். யுத்தம் முடிந்தபின் 1946-இல் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தி பத்திரிகையில் நெடுங்காலம் வேலை பார்த்து, 1997-இல் காலமானார். எழுதியவை இரண்டே நாவல்கள். 'கடலுக்கு அப்பால்' கலைமகள் பரிசு பெற்று 1959-இல் வெளிவந்தது. 'புயலிலே ஒரு தோணி' ஏறக்குறையப் பத்தாண்டுகள் பதிப்பிப்பாரின்றிக் கிடந்து 1972-இல் அச்சேறிற்று. பிறகு வெகுநாள் அதைப்பற்றிப் பேசுவாரும் இல்லை. தாய்நாட்டிலும் அதைப் போற்றியவர்கள் பிந்தித்தான் வந்தார்கள். நம் மலேசியத் தமிழரோ, நம்முடைய கதையையே அவர் எழுதியிருக்கிறார் என்பதை இன்றளவும் சரியாக உணர்ந்தோமில்லை.

சங்கம் என்பது என்ன? ஒரே நிலையில் உள்ள பலர், ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொள்வதற்காக ஏற்படுத்திக்கொள்வது. கூலிக்காரனும் கடைச் சிப்பந்தியும் தனியே நடந்தால் தெருவில் ஒதுங்கி நடக்கிறான். சங்கத்தின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டால் நடுத்தெருவில் நடக்கிறான். அப்பொழுது அவன் உள்ளத்தில் எழும் பெருமிதத்தைத் தேசாபிமானம் என்கிறோம். அதில் தேசம் எவ்வளவு, அவனுடைய முதுகெலும்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பிரிக்க வேண்டிய அவசியமும் எல்லா நேரத்திலும் இல்லை.

இது நமக்கு மட்டும் உரிய விஷயமன்று. நம்முடைய ஜொகூரிலேயே பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. மிளகும் காம்பிரும் பயிரிட வந்த சீனர்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் 'நி ஹெங் கொங்சி' என்ற சகோதர சங்கத்தை இங்கே நடத்தினார்கள். ஆற்றங்கரைக் காடுகளில் உழன்ற அம்மனிதர்கள், 1644-இலேயே கவிழ்ந்துபோன மிங் வம்சத்தை மீட்டே தீருவோம் என்று சத்தியம் செய்து அங்கத்தினர் ஆனார்கள். வேறிடங்களில் இரகசியச் சங்கம் என்று தடுக்கப்பட்ட அது, ஜொகூரில் ஆட்சியாளரின் அநுமதியோடு நடந்து, 1916-இல் கலைக்கப்பட்டது. ஜொகூர் பாருவில் அதன் பெயரால் ஒரு வீதி இன்றும் இருக்கிறது. 'மிங்' என்ற எழுத்தைத் தாங்கிய கல்லறையும் இருக்கிறது. கலைந்த சங்கத்தின் சொத்திலிருந்து ஃபூன் யூ பள்ளிக்கூடத்துக்குப் பணம் போயிற்று. மிங் அரசன் திரும்பி வரவில்லை, பள்ளிக்கூடம் நிலைத்தது. நம் சங்கங்களின் சொத்து எங்கே போயிற்று என்று கேட்பது இக்கட்டுரையின் வேலையன்று.

இனி நாவலுக்கு வருவோம். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்குப் பின் மலாயா எங்கும் இந்திய சுதந்திரச் சங்கத்தின் கிளைகள் பரவின. 1943 ஜூலையில் போஸ் வந்து சேர்ந்தபின் அதன் வேகம் நூறு மடங்கு ஆயிற்று. பால் வெட்டியவனும், கடையில் பேரேடு எழுதியவனும், வண்டி ஓட்டியவனும் ஒரே வரிசையில் நின்று அணிவகுப்புப் பழகினார்கள். இப்படிப் பழகிய ஒரு வாலிபனின் கதைதான் 'கடலுக்கு அப்பால்'.

செல்லையா பினாங்கில் வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தவன். முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தை அவன் விரும்புகிறான், அவளும் விரும்புகிறாள். நடுவிலே யுத்தம் வருகிறது. அவன் இந்திய தேசிய ராணுவத்தில் சேருகிறான். யுத்தம் முடிகிறது, திரும்பி வருகிறான். பெண்ணைக் கொடுக்கப் பிள்ளை மறுக்கிறார். ஏன்? துப்பாக்கி பிடித்தவன் இனிமேல் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டித் தொழில் செய்யப் பயன்படமாட்டான் என்பதே அவருடைய தீர்ப்பு. அவன் கெட்டவன் என்று அவர் சொல்லவில்லை. நிமிர்ந்துவிட்டான் என்கிறார். அந்தத் தொழிலுக்கு வேண்டுவது குனிவு.

நம் கூட்டத்துப் பிரசங்கி இக்கதையை எழுதியிருந்தால், பிள்ளையைத் தேசத்துரோகி ஆக்கியிருப்பார். கடைசியில் அவர் மனம் மாறிக் கண்ணீர் வடித்து மகளைக் கொடுத்திருப்பார். சிங்காரம் அப்படிச் செய்யவில்லை. பிள்ளையின் நியாயத்தைப் பிள்ளையின் உலகத்துக்குள்ளேயே முழுவதும் சொல்லவிடுகிறார். அந்த உலகத்தில் அவர் சொல்வது சரிதான் என்று படிப்பவனுக்கே ஒரு கணம் தோன்றிவிடுகிறது. அப்பொழுதுதான் நமக்கு வலிக்கிறது. ஏனெனில் செல்லையா வெள்ளைக்காரனிடம் தோற்கவில்லை, ஜப்பானியனிடமும் தோற்கவில்லை. நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தினிடம் தோற்றான். சங்கம் அவனை மனிதனாக நிமிர்த்தியது. சமூகமோ நிமிர்ந்த மனிதனுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தியது. தேசாபிமானம் பேசும் நாம் இந்த இடத்தில் எந்தப் பக்கம் நின்றோம்? செல்லையாவுக்கு மாலை போட நாம் தயார். பெண் கொடுக்கத் தயாரா?

புத்தகத்தின் பெயரையும் கவனிக்கவேண்டும். கடலுக்கு அப்பால் இருப்பது எது? சிங்கம்புணரியிலிருந்து பார்த்தால் பினாங்கு. பினாங்கிலிருந்து பார்த்தால் இந்தியா. செல்லையா போராடியது கடலுக்கு அப்பாலுள்ள தேசத்துக்காக. அவன் இழந்தது இக்கரையில் இருந்தவளை. அந்தத் தேசம் 1947-இல் விடுதலை பெற்றது. நாம் இருக்கும் தேசம் 1957-இல் விடுதலை பெற்றது. முதலாவது விடுதலைக்காகச் சங்கத்தில் சேர்ந்தவர்கள் இரண்டாவது நாட்டில் குடியுரிமைக்கு மனுப்போட்டுக்கொண்டு நின்றார்கள். இதை எழுத இன்னொரு நாவல் வேண்டும்.

'புயலிலே ஒரு தோணி' வேறு வகையான நூல். ஜப்பானியர் மேடானுக்குள் நுழையும் நாளோடு தொடங்குகிறது. பாண்டியன் என்னும் வட்டிக்கடை வாலிபன் அங்கிருந்து தோணியேறிப் பினாங்குக்கு வந்து, ராணுவத்திற் சேர்ந்து, யுத்தத்துக்குப் பிறகு மீண்டும் சுமாத்திரா சென்று, டச்சுக்காரரை எதிர்த்த இந்தோனேசியரின் போரில் கலந்து, அங்கேயே மடிகிறான். கதை இவ்வளவுதான். ஆனால் இதைப் படிப்பதன் இன்பம் கதையில் மட்டும் இல்லை. கடைத்தெருவின் இரைச்சல், மலாயும் சீனமும் டச்சும் கலந்த நம் ஆட்களின் பேச்சு, கிட்டங்கியில் வரிசையாய் வைத்த பெட்டிகள், சாப்பாடு, குடி, நடுக்கடலில் புயல் இவையெல்லாம் அங்கே நேரில் நின்று கேட்டதுபோல் வந்து விழுகின்றன. நம் நாட்டு எழுத்தாளர் பலர் மலாய்ச் சொல் ஒன்றைப் போட்டால் உடனே அதற்கு அர்த்தம் சொல்லி வாசகனைப் பள்ளிக்கூடத்துப் பையனாக்குவார்கள். சிங்காரம் சொல்லைப் போட்டுவிட்டு நடந்துகொண்டே இருக்கிறார்.

காரியதரிசிக்குக் கோபம் வந்த இடமும் இந்நூலில்தான். பாண்டியனும் அவன் நண்பர்களும் கூடியிருந்து குடித்துக்கொண்டு தமிழரின் பழம்பெருமையைக் கிழிகிழியென்று கிழிக்கிறார்கள். மூவேந்தர் கொடி, கடாரம் வென்ற கதை, காப்பியத்துப் பத்தினி எதுவும் தப்பவில்லை. பெரிய நூல்களின் நடையை எடுத்துப் பரிகாசம் செய்கிறார்கள். 'முன்பு நாம் எப்படி இருந்தோம்' என்னும் பாட்டைப் பாடிக்கொண்டே இன்று கைகட்டி நிற்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. இதைக் கேட்டால் நம் அங்கத்தினருக்கு எரிச்சல் வருவது இயல்பே. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இப்படிச் சிரித்தவன்தான் துப்பாக்கி எடுத்தான். பழம்பெருமையை மேடையில் முழங்கியவர்களில் எத்தனை பேர் துப்பாக்கி எடுத்தார்கள் என்று அந்நாவல் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

பாண்டியனுக்குத் தன் இனத்தின்மேல் இருக்கும் பற்று, தன் வீட்டாரைத் திட்டும் மகனுடைய பற்று. வெளியான் திட்டினால் அவனே முதலில் எழுந்து நிற்பான். இந்தப் பற்றுக்கு நம் சங்கங்களில் இடமே இல்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் புகழ்ச்சி ஒன்றுதான். சங்கங்கள் வெளியிடும் நினைவு மலர்களைப் புரட்டிப் பாருங்கள்: 'வீரத் தமிழன்', 'செங்குருதி சிந்திய செம்மல்கள்' என்று பக்கம் பக்கமாக இருக்கும், சிந்தியவன் ஒருவனுடைய பெயராவது, அவன் எந்தத் தோட்டத்து எந்த லயத்திலிருந்து போனான் என்பதாவது இராது. தலைவரின் படம் இருக்கும். நகைக்கடை விளம்பரம் இருக்கும். இந்த நடையைப் பழகிய கண்ணுக்குச் சிங்காரத்தின் நடை நிந்தையாய்த் தோன்றுவதில் வியப்பில்லை.

நாவலில் குறையே இல்லையென்று சொல்லவரவில்லை. பாண்டியன் அளவுக்கு மீறிய சூரன். சண்டையும் தந்திரமும் பேச்சும் பெண்களைக் கவர்வதும் எல்லாம் அவனுக்குக் கைவந்திருக்கின்றன. சில அத்தியாயங்களில் சினிமாக் கதாநாயகனைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. பரிகாசப் பேச்சுக்கள் சில இடங்களில் நீண்டு சோர்வு தருகின்றன. பெண்கள் நிழலாய் வந்து நிழலாய்ப் போகிறார்கள். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் நம் தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர் துப்பாக்கி தோளில் வைத்து நடந்தார்கள். மலாயாவில் பிறந்து இந்தியாவைக் கண்ணால் காணாத சிறுமிகள் அவர்களில் உண்டு. அவர்களுக்குச் சிங்காரத்தின் நாவல்களில் உரிய இடம் கிடைக்கவில்லை. கடைக்காரரின் கண்ணால் பார்த்தவருக்கு அவ்வளவுதான் தெரிந்தது போலும்.

அந்தச் சங்கமும் சேனையும் செய்த நன்மையை மறைத்துப் பேசுவது நன்றி கெட்ட செயல். நம் சீர்திருத்தக்காரர்கள் ஆண்டுக்கணக்காய்ப் பேசியும் முடியாததை அந்த இரண்டு வருஷம் சில இடங்களில் நடத்திக் காட்டிற்று. சேனையில் சாதிக்கொரு அடுப்பு, மதத்துக்கொரு அடுப்பு இல்லை. எல்லோரும் ஒரே பந்தியில் உண்டார்கள். சிங்கப்பூரில் செட்டியார் கோயிலுக்கு வந்து நிதி பெற்றுக்கொள்ளுமாறு போஸை அழைத்தபொழுது, எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உள்ளே வரக்கூடாத இடத்துக்குத் தாம் வருவதில்லை என்று அவர் மறுத்தார். அழைத்தவர்கள் இணங்கிய பிறகே, முஸ்லிம் அதிகாரிகளையும் உடன் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். உடன் சென்ற ஆபித் ஹஸன் பிற்காலத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார். தேசாபிமானம் ஒரு கோயிற் கதவைத் திறந்ததென்றால், அதற்கு ஒரு கும்பிடு போடலாம். சேனை கலைந்தபின் அந்தச் சமபந்தி என்னவாயிற்று என்பது வேறு விஷயம். எங்கள் தோட்டத்திலேயே மாரியம்மன் திருவிழாவில் யார் கரகம் எடுப்பது என்று நான் சிறுவனாயிருந்த காலம்வரை சண்டை நடந்தது.

நிற்க. இந்த நாவல்களைப் பற்றிப் பேச வந்த நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இன்னொன்று. மேடையில் அதற்குத் தைரியம் வரவில்லை.

தற்காலிக அரசாங்கம் பிரகடனமான நாள் 1943 அக்டோபர் 21. அதே மாதம் 17-ஆம் தேதி, சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே காட்டில், இரு பக்கத்திலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. நடுவே நாலே நாள். 415 கிலோ மீட்டர் நீளமுள்ள அந்த ரயில் பாதைக்காக ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயரெழுதிய கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாய் இருக்கின்றன. நம்மவருக்குக் காடுதான்.

சேனைக்குப் போனவனும் சயாமுக்குப் போனவனும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆனால் நம் இலக்கியத்தில் இவர்கள் சந்திப்பதில்லை. ஆர். சண்முகம் 1993-இல் 'சயாம் மரண ரயில்' எழுதினார். நம் நாட்டு நாவல்களில் அது ஒரு முக்கியமான நூல். அ. ரெங்கசாமி சயாம் ரயிலைப்பற்றி 'நினைவுச் சின்னம்' எழுதினார். சேனையைப்பற்றி 'இமையத் தியாகம்' எழுதினார். ஒரே ஆசிரியருக்கும் இரண்டு விஷயம், இரண்டு புத்தகம். சிங்காரத்துக்குச் சேனையே பொருள். சயாம் ரயில் அவருடைய கதைப்பொருள் அன்று. நம் புத்தக அலமாரியில் பெருமைக்கு ஒரு தட்டு, துக்கத்துக்கு ஒரு தட்டு என்று பிரித்து அடுக்கிவிட்டோம். அக்டோபர் மாதக் கூட்டத்தில் முதல் தட்டை மட்டும் திறக்கிறோம். ஏன் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். என் குடும்பத்திலிருந்தே தெரியும்.

என் தந்தையின் தந்தை ஜப்பானியர் காலத்தில் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். தோட்டத்துச் சுதந்திரச் சங்கக் கிளைக்குக் காரியதரிசியும் அவரே. எங்கள் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். அவருடைய வெள்ளைக் கோட்டில் குத்தியிருந்த சின்னத்தைப்பற்றி என் அத்தை இன்றும் சொல்வார். நான் இந்த வேலைக்கு வந்தபோது, 'தாத்தாவின் நாற்காலி' என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன், பழைய லயத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்ட ஒரு பாட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். தொண்ணூறு வயதைத் தொட்டவர். இப்பொழுது எங்கள் லயங்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். பழைய கதை கேட்கவேண்டுமானால் நகரத்து மலிவு வீட்டு மாடிகளில்தான் ஏறவேண்டும். நான் இன்னார் பேரன் என்று சொன்னதும் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா பேர எழுதினது உங்க தாத்தாதான் தம்பி. பெரட்டுல நிக்க வச்சு எழுதினாரு. சயாமுக்குப் போன ஆளுங்க லிஸ்ட்டு. அப்புறம் சங்கத்துல நேதாஜிக்கு நிதி கேட்டு வந்தாங்க. எங்கம்மா தாலியக் கழட்டிக் குடுத்திச்சு. அதுக்கு ரசீது எழுதினதும் உங்க தாத்தாதான். அப்ப அப்பா உசுரோட இருக்காருன்னுதான் நெனச்சோம்."

குற்றம் சாட்டும் குரல் அன்று. பலசரக்குக் கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். பெட்டியைத் திறக்கச் சொல்லி அந்த ரசீதையும் காட்டினார். மடிப்பிலே கிழிந்திருந்தது. எங்கள் வீட்டுப் பழைய பஞ்சாங்கத்தின் ஓரங்களில் பிள்ளைகள் பிறந்த நாள் குறித்திருக்கும் அதே கையெழுத்து. வால் நீண்ட அதே 'ள'கரம்.

அந்தக் கை நடுங்கியதா, எழுதாவிட்டால் எழுத மறுத்தவனையே ஜப்பானியன் லாரியில் ஏற்றியிருப்பானா என்று நான் பலநாள் யோசித்ததுண்டு. ஏற்றியிருப்பான் என்றே நினைக்கிறேன். தாத்தா போலித் தேசபக்தர் அல்லர். சங்கத்துக்கு அவர் உண்மையாகவே உழைத்தார். தம் மோதிரத்தையும் கொடுத்தார். காலையில் ஒரு பட்டியல், மாலையில் ஒரு பட்டியல். இரண்டையும் ஒரே பேனாதான் எழுதிற்று. இரண்டாவது பட்டியலைக் கொண்டு எங்கள் குடும்பம் எண்பது வருஷமாய் நிமிர்ந்து நடக்கிறது. முதலாவது பட்டியலைப்பற்றி வீட்டில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் மறைத்தார்களா, அல்லது தாத்தாவே ஒருவரிடமும் சொல்லவில்லையா, அதுவும் விளங்கவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சிங்காரத்தை மறுபடியும் படித்தேன். அவருடைய பெருமை அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. அவர் நிறுத்திக்கொண்ட இடமும் விளங்கியது. நம் பெருமிதத்தைப் பார்த்துச் சிரிக்க அவருக்குத் தெரிந்தது. சிரிப்பதற்குப் பெரிய நேர்மை வேண்டும். நம் மேடைகளில் அது கிடையாது. நிமிர்ந்தவனுக்கு நம் சமூகத்தில் என்ன கிடைத்தது என்று காட்டவும் அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவருடைய வாலிபர்கள் கடைப் பையன்கள். தங்கள் விதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பாண்டியன் தானாகத் தோணி ஏறினான். தானாகச் சேனையிற் சேர்ந்தான். சாவையும் தானே தேடிப் போனான். பெரட்டுக் களத்தில் நிற்க வைத்துப் பெயர் எழுதப்பட்டவன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பெயர் எழுதியவனோ பாதி தேர்ந்தெடுத்தான், பாதி தேர்ந்தெடுக்கவில்லை. இந்தப் பாதி மனிதனைப்பற்றித் தமிழில் நாவல் இல்லை. செல்லையாவைப் படைத்த கைக்கு இவனையும் படைக்கத் தெரிந்திருக்கும் என்று நினைக்கும்போது, சிங்காரம் இரண்டோடு நின்றுவிட்டாரே என்று ஏக்கமாயிருக்கிறது.

1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், ஸேகல், தில்லன் ஆகிய மூன்று அதிகாரிகளை நிறுத்தி விசாரணை நடத்தினார்கள். இந்தியா முழுவதும் கொந்தளித்தது. அவர்களுடைய பெயர்கள் சரித்திரத்தில் ஏறின. அது நியாயமே. மலாயாவில் சேனையிலிருந்து திரும்பிய பால்வெட்டுக்காரனை விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. அவன் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடியும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் நின்றான். அங்கே பெயர் கூப்பிட்டவர் அநேகமாக அதே கிராணிதான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அந்தக் காலைப் பொழுதை எழுதுவதற்கு ஒருவர் வரவேண்டும்.

கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்துக் காரியதரிசி டெலிபோன் செய்தார். கோபம் தணிந்திருந்தது. அடுத்த ஆண்டு மலரில் போடுவதற்கு, "உங்கள் தாத்தா சங்கத்துக்குப் பாடுபட்டவராமே, அவரைப்பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், படமும் வேண்டும்" என்றார். எழுதினேன். ரசீதைப்பற்றியும் எழுதினேன், பெரட்டைப்பற்றியும் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டார். ரசீது மிகவும் உருக்கமாக இருக்கிறதாம், அந்தப் பாட்டியிடம் அதை வாங்கிப் படம் பிடித்து முழுப் பக்கத்தில் போடலாமாம். மற்ற விஷயம் மட்டும் வேண்டாமாம்.

பாட்டியிடம் கேட்டேன். "போட்டா ரெண்டையும் போடச் சொல்லு தம்பி" என்றார். அதை அப்படியே காரியதரிசிக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.